முன்சில்லுகளுக்கு நடுவில் படுத்திருக்கும் மகனுக்கு

தம்பி, இதை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில், இதெல்லாம் எனக்கு என்னத்துக்கு என்று நீ பஸ்ஸிலேயே அழுவாய். இதற்குத்தான். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எங்கே நின்று பேசினாலும் அப்பாவின் கட்டிலுக்குக் கேட்கும், அவருக்குக் காது மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. நீயும் எடுத்தால் காரைப்பற்றித்தான் பேசுகிறாய். அப்பா எப்படி என்று கேட்கிறாய், நான் வாயைத் திறக்குமுன் பின்பக்கத்து ஸ்பிரிங் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எங்களைப்போல இருக்கிற மற்ற வீடுகளும் இதை வாசித்தால் வாசிக்கட்டும். ஒளிப்பதற்கு இனி எனக்குத் தெம்பில்லை. நீ மெதுவாகவே வாசி. வாசித்து முடித்த பிறகு மட்டும் மெதுவாக இராதே.

உன் அப்பாவுக்கு அந்தக் கார்மீது ஏன் அப்படியொரு ஆசை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஜெர்மனிக்கு, இந்தக் கொலோனுக்கு வந்த காலம் முதல் கார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அடுத்தவர்களின் சின்னக் கார்களுக்குக் கதவு பூட்டியே முதுகு வளைந்த மனிதர், ஓய்வு பெறுகிற நேரம் பார்த்து ஒரு பழைய அமெரிக்க மசில் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். முன்பக்கம் முழுக்க எஞ்சின், பின்னால் இருந்தால் காலை நீட்ட இடமில்லை, பெற்றோலைத் தண்ணீராய்க் குடிக்கும். எங்கள் சனம் விடுமா? "அண்ணை, இது காரோ கப்பலோ?" என்று கேட்டார்கள். கேட்ட அதே ஆட்கள்தான் பிள்ளைகளின் கலியாணத்துக்கு மணமக்களை ஏற்ற அந்தக் கார் வேண்டும் என்று வந்து நின்றார்கள். அப்பாவும் வேட்டி சால்வையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைவிடப் பெரிய மாப்பிள்ளையாய்ப் போவார். பிரேக் பிடித்தால் கார் மூக்கைக் குத்தும், வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாய்ச் சாயும். ஒருமுறை மண்டப வாசலில் இறங்கியதும் இறங்காததுமாய் மணப்பெண் பட்டுச் சேலையோடு ஓரத்தில் போய்ச் சத்தி எடுத்தாள். சனம் அதற்கு வேறு கணக்குப் போட்டுக் கதைத்தது. அந்தப் பிள்ளையின் தாய் கொஞ்சக் காலம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரின் முன்பக்கத்தை எப்படியாவது மாற்றவேண்டும் என்று அப்பா அன்றைக்குத்தான் முதலில் சொன்னார்.

இந்த நாட்டில் எங்களுக்காகப் பேசியது நீதான். வெளிநாட்டவர் அலுவலகம், வீட்டுக்காரர், பல் வைத்தியர், எந்தச் சந்திப்பு, எந்த டெர்மின் என்றாலும் நடுக் கதிரையில் நீ. உன்னைப்பற்றிக் குறை சொல்ல ஆசிரியை எங்களைக் கூப்பிட்டபோதும் நீயேதான் மொழிபெயர்த்தாய். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நீளமாய்ப் பேசினார். நீ எங்கள் பக்கம் திரும்பி, "நான் நல்லாப் படிக்கிறனாம், கொஞ்சம் கூடக் கதைக்கிறனாம், அவ்வளவுதான்" என்றாய். வெளியே வந்ததும் அப்பா உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார், நீ தப்பிவிட்டதாய் நினைத்தாய். வீட்டுக்கு வந்து குசினிக்குள் நுழைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரே, அதை நீ பார்க்கவில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரன் ஏசுகிற ஏச்சையெல்லாம் கேட்டு வளர்ந்த ஜெர்மன் அவருடையது. பேசத்தான் வராது, விளங்காமல் போகாது. விளங்கியதை விளங்காததுபோல வைத்திருப்பது அவருடைய குணம். போன மாரிகாலம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீயும் இதை மறந்தாய், நானும் மறந்தேன்.

அந்த டாக்டர் நல்ல பெண். மேசைக்குப் பின்னால் இருந்து பேசாமல், கதிரையை அப்பாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்து பேசினார். புற்றுநோய் முதுகெலும்புக்குள் போய்விட்டது, இனி மாற்ற முடியாது, நோவைக் குறைக்க முடியும், இருக்கிற காலத்தை நல்லபடியாகக் கழிக்கப் பாருங்கள் என்றார். எனக்கே விளங்கியது. சொல்லி முடித்துவிட்டு உன்னைப் பார்த்தார். அப்பாவும் உன்னைப் பார்த்தார். நீ கதிரையில் அவர் பக்கம் திரும்பினாய். பிறகு, "அப்பா, மருந்து வேலை செய்யுதாம். சுகம் கொஞ்சம் மெதுவாத்தான் வருமாம். வெயில் காலத்துக்கு நீங்கள் கார் ஓடலாம் எண்டு சொல்லுறா" என்றாய். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். அப்பா எழும்பி டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சாவைச் சொன்னதற்கு ஒரு மனிதன் இப்படிச் சிரித்துக்கொண்டு நன்றி சொல்கிறானே என்று டாக்டர் திகைத்துப்போனார். லிப்ட்டுக்குள் வைத்து அப்பா சொன்னார்: "அப்ப, அந்த முன்பக்கத்தை ஒருக்காச் செய்துபோடுவம் தம்பி. வெயிலுக்கு ஓடுறதெண்டால் உப்பிடியே வைச்சு ஓடேலாது." நீ தலையாட்டினாய்.

உன்னை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. எங்கள் சனத்தில் எந்த வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. உலகம் முழுவதற்கும் தெரிந்திருக்கும், நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது. கனடாவிலிருந்து மாமாவும் லண்டனிலிருந்து பெரியம்மாவும் மாறி மாறித் தொலைபேசி எடுத்து, "அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, தெரிஞ்சால் மனிசன் உடைஞ்சு போயிடும்" என்று சத்தியம் வாங்காத குறையாய்ச் சொன்னார்கள். பார்க்க வந்தவர்களும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து "முந்தியைவிடத் தெளிவாய் இருக்கிறியள் அண்ணை" என்றுவிட்டு, குசினிக்குள் வந்து என் தோளில் விழுந்து அழுதுவிட்டுப் போனார்கள். அழுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தே எனக்கு அழ நேரமில்லாமல் போய்விட்டது.

பிறகு நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ இருக்கிற ஆஹெனிலிருந்து வரத் தொடங்கினாய். கொயிலோவர்ப் பெட்டி வந்த அன்று அதை நேரே அப்பாவின் அறைக்குக் கொண்டுபோனாய். ஸ்பிரிங் வேறு, குலுக்கத்தைத் தாங்குகிற ஷொக் வேறு என்று காரில் இருந்த பழைய சாமான்களுக்குப் பதிலாக, ஷொக்கின் உடம்பைச் சுற்றியே ஸ்பிரிங் ஏறியிருக்கிற ஒரே துண்டு. வளையத்தைத் திருகினால் கார் உயரும், பதியும். குமிழைத் திருகினால் இறுகும், இளகும். அப்பா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவாய் இருக்கு" என்றார். அந்த அறைக்குள் நீ ஆறுதலாய்க் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வந்தால் வாசலில் நின்று தலையை நீட்டுவாய், "அப்பா, எப்பிடி?" என்பாய், கட்டிலைப் பார்க்காமல் யன்னலைப் பார்ப்பாய், கீழே கராஜுக்குப் போய்விடுவாய். சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னாய். மேலே ஒரு மனிதர் உருகிக்கொண்டிருந்தார், கீழே நீ முன்சில்லுகளைக் கழற்றி வைத்துவிட்டு அவை இருந்த இடத்துக்கு நடுவில் படுத்திருந்தாய். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு படி ஏறி இறங்கினேன்.

பழைய ஸ்பிரிங்கை நீ கழற்றிய அன்று நான் கராஜ் வாசலில் வந்து நின்றது ஞாபகமா? அதை ஒரு கருவியால் நெருக்கிப் பிடித்திருந்தாய். "அம்மா, தள்ளி நில்லுங்கோ! இது விட்டுதெண்டால் ஆளைக் கொன்றுபோடும்!" என்று கத்தினாய். உன்னுடைய குரலில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாய் இளக்கி அதை நிலத்தில் வைத்தாய். வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டாய். என்னடா என்று கேட்டேன், களைப்பு என்றாய். நான் நம்பியதுபோலக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் வீட்டில் எல்லாருமே நல்ல நடிகர்கள். கீழ்வீட்டு ஜெர்மன்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஓர் ஆணி அடித்தாலே மேலே ஏறி வந்து மணி அடிக்கிறவர். நீ ஞாயிறு முழுக்கத் தட்டிக்கொண்டு கிடந்தபோதும் அவர் வரவில்லை. படியில் கண்டால் என் கையை ஒருதரம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போகிறார்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. முன்பக்கம் பூட்டி முடித்துவிட்டேன் என்று நீ காரை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்த அன்று, அப்பாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி யன்னலால் பார்க்க விட்டேன். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நீ வளையத்தைத் திருகித் திருகிப் பதிக்கப் பார்த்தாய். அது சரிவரவில்லை, ஓடிப் பார்த்தால் கிரீச்சென்று சத்தம் வேறு. அப்பா சிரிக்கத் தொடங்கினார். நோவில் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சில்லைக் காத்திலை தொங்கவிட்டே, அதைத் தாங்கிற இரும்புக் கையின்ரை ஆணியளை இறுக்கிப்போட்டான். காரை நிலத்திலை விட்டு, பாரம் ஏறின பிறகெல்லோ கடைசியாய் இறுக்கவேணும். ரப்பர் முறுகிக்கொண்டு நிக்குது" என்றார். உனக்கு அது தெரியாமல் இல்லை, நீ தொழில் படித்தவன். உன் மனம் அங்கே இல்லை, அவ்வளவுதான். கூப்பிட்டுச் சொல்லட்டோ என்று யன்னலைத் திறக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார். "பேசாமல் இரும். தானே கண்டுபிடிக்கட்டும். அடுத்த கிழமையும் வருவான் எல்லோ" என்றார். பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை நீ அதைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் இளக்கி, காரை நிலத்தில் நிறுத்தி வைத்து மறுபடியும் இறுக்கினாய். சில்லுகளின் கோணம் பார்த்தாய், பரிசோதனைக்குக் கொண்டுபோனாய், மாற்றியது சரி என்று காரின் பத்திரத்திலும் பதிந்து தந்துவிட்டார்கள். அன்று நீ மேலே வந்தாய். வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தாய். "அப்பா, எல்லாம் முடிஞ்சுது. இனி ஒரு வேலையும் இல்லை" என்றாய். உன் குரல் உடைந்துகொண்டு வந்தது. நான் குசினியில் அடுப்பை நிற்பாட்டிவிட்டு அறைக் கதவோரம் வந்து நின்றேன். இப்போது சொல்லிவிடுவான், இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், எனக்கும் அழ ஒரு மூலை கிடைக்கும் என்று நினைத்தேன். அப்பா உன்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முன்னுக்கு இவ்வளவு செய்துபோட்டு, பின்னுக்கு அந்தப் பழசையே விடுறது? பின்னுக்கும் மாத்தினால்தான் சமனாய் இருக்கும்." உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "ஓம் அப்பா, நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்று சொல்லிவிட்டு அளவு எடுக்கக் கீழே ஓடினாய்.

நான் அவரோடு சண்டைக்குப் போனேன். "அவன் இருக்கவெண்டு வந்தவன். ஏன் திரும்பக் கீழை கலைச்சனீங்கள்?" என்று கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "வேலை முடிஞ்சால் அவன் பிறகு என்ன சாட்டுச் சொல்லி வருவான்?" என்றார்.

அதற்கு அடுத்த நாள்தான், வீட்டுக்கு வந்து நோவுக்கு மருந்து ஏற்றுகிற தாதி கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு அவரிடம் நேரேயே கேட்டார்: கடைசிவரைக்கும் இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா, வேறு இடத்துக்குப் போக விருப்பமா? இங்கே அப்படித்தான் கேட்பார்கள். நான் பதறிக்கொண்டு உள்ளே ஓடினேன், அந்தப் பிள்ளைதான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்பதுபோல. அப்பா அமைதியாய், வீட்டில் என்று ஜெர்மனில் சொன்னார். கட்டிலை யன்னலோடு இன்னும் ஒட்டிப் போட்டால் நல்லது என்றும் சொன்னார். தாதி போன பிறகு, "உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். "அந்த டாக்டர் பிள்ளை சொல்லேக்கையே தெரியும்" என்றார். "பிறகேன் இவ்வளவு நாளும் எங்களை உப்பிடி ஆட விட்டனீங்கள்?" என்று கத்தினேன். "அவன் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பொய்யைச் சொன்னவன். அதைப் போய் அவன்ரை முகத்துக்கு நேரை நான் எப்பிடி உடைக்கிறது? நீரும் சொல்லிப்போடாதையும்" என்றார்.

நான் இவ்வளவு நாளும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். என்மேல் அவர் கோபிக்கட்டும், கோபிக்கிற அளவுக்கு அவருக்கு உயிர் இருந்தால் எனக்கு அது போதும்.

எனக்கு உங்கள் இருவரிலும் ஆத்திரம் தம்பி. அவர் நம்புகிறார் என்று நினைத்து நீ கீழே வேலை செய்தாய். நீ வரவேண்டும் என்பதற்காக அவர் மேலே கிடந்து வேலை கண்டுபிடித்தார். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு பாசம், அந்தப் பாசத்தால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். உனக்கு வருத்தம் வந்தால் அதை நீயே அவர்களுக்குச் சொல். சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் அவர்களோடு ஓர் இடத்தில் இரு. ஒருவரை உடையாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து அவரைத் தனியே சாக விட்டுவிடாதே. இதை நான் உனக்கு எப்போதோ சொல்லித் தந்திருக்கவேண்டும், எனக்கே இப்போதுதான் தெரிகிறது. தெரிந்தும் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அவர் இப்போது சாப்பிடுவதில்லை. பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைக்கிறேன். கண்ணை மூடியபடியேதான் இருக்கிறார். இனிக் கிழமைக் கணக்கில்லை, நாள் கணக்குத்தான் என்று தாதி சொல்கிறார். நேற்றுப் பின்னேரம் உன் பெயரைச் சொன்னார். வேலையில் நிற்கிறான் என்றேன். "கீழையோ?" என்று கேட்டார். "ஓம், கீழைதான்" என்றேன். கராஜில் ஒருவரும் இல்லை. அவர் யன்னல் பக்கம் தலையைத் திருப்பி, காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தார். தட்டுகிற சத்தம் ஏதாவது வரும் என்று வெகு நேரம் அப்படியே கிடந்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாமான் வந்தால் வருகிறேன் என்று நீ தகவல் அனுப்பியிருக்கிறாய். நீ வரும்போது அவர் கண் திறப்பாரோ, உன்னை அடையாளம் காண்பாரோ எனக்குத் தெரியாது. நீ ஒன்றும் பேசத் தேவையில்லை, மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இரு, எல்லாம் எனக்கும் தெரியும் அப்பா என்று மட்டும் சொல். அதுவும் அவருக்குக் கேட்காமல் போகலாம். உன்னைத் தேற்றுவதற்கு ஒரு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், என்னிடம் இல்லை.

இன்று காலையில் அந்தப் பார்சல் வந்தது. பின்பக்கத்துச் சாமான்கள். கொண்டுவந்த மனிதர் பாரம் தாங்காமல் படியில் வைத்து வைத்துத் தூக்கி, மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டார். நான் வைக்கவில்லை. எங்களுக்கு வேண்டாம், திருப்பிக் கொண்டுபோங்கள் என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். இனி இந்த வீட்டில் நீ செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. வா.